முன்விரோதம் எதுவும் இல்லை

11 நவம்பர் 2024

மழை விட்டுவிட்டுப் பெய்கிறது. சம்பா வயலில் தண்ணீர் தேங்கி நின்றது. ராஜ்குமார் வந்து வடித்துவிட்டுப் போனான். அவன் பைக் சத்தம் அடங்குவதற்குள் கோர்ட் காவலர் வந்து சம்மன் கொடுத்தார். கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டேன்.

நான் அரசுத் தரப்பு மூன்றாம் சாட்சி. எதிரி ராஜ்குமார். குற்றம் சாட்டப்பட்டவனுக்குக் கோர்ட் தமிழில் ‘எதிரி’ என்றுதான் பெயர். தங்கையன் என் சித்தப்பா மகன். அவனுடைய பிள்ளை எனக்கு எதிரியாம்.

போன வருஷம் குறுவைக்குத் தண்ணீர் வந்த சமயம். கடைமடையில் குத்தகைக்குச் சாகுபடி செய்யும் காத்தான், தன் முறை என்று வாய்க்கால் ஷட்டரைத் தூக்கினார். ராஜ்குமார் தடுத்தான். வாய்ச்சண்டை முற்றி, மண்வெட்டிக் காம்பால் அடித்துவிட்டான். காத்தானுக்கு முழங்கை எலும்பு முறிந்தது. நான் எதிர்க்கரையில் நின்றிருந்தேன். நல்ல காலை வெளிச்சம். எஸ்.ஐ. கேட்டார், சொன்னேன். வேலையில் இருந்த காலமெல்லாம் கோர்ட்டில், முதலில் டைப்பிஸ்ட்டாக, கடைசியில் சிரஸ்தார் என்கிற தலைமை எழுத்தராக. கேட்டால் பதில் சொல்வது பழக்கமாகிவிட்டது. யோசித்திருந்தால் சொல்லியிருப்பேனா?

14 நவம்பர்

தங்கையன் வந்தான். பின்னால் ராஜ்குமார், தரையைப் பார்த்தபடி.

“அண்ணே, பொய் சொல்லச் சொல்லல. நெனவில்லன்னு சொல்லுங்க, போதும். வயசாயிடுச்சு, யாரு கேக்கப் போறா? கேஸ் முடிஞ்சாத்தான் இவன் சிங்கப்பூருக்கு ஏற முடியும்கிறான் ஏஜெண்டு.”

நான் சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. தலையை ஒரு மாதிரி ஆட்டினேன். எந்தப் பக்கம் ஆட்டினேன் என்று எனக்கே தெரியவில்லை.

அவர்கள் போனதும் என் மனைவி அகிலாண்டம் சொன்னாள்: “பேசாம தெரியாதுன்னுட்டு வந்துருங்க. எனக்கு மூச்சு எளைச்சா யாரு காரெடுத்துட்டு ஓடியாறா? காத்தானா?”

அவள் சொல்வதில் தப்பில்லை.

15 நவம்பர்

ஹாஸ்டைல். காலையிலிருந்து இந்த வார்த்தைதான் மனதில் ஓடுகிறது. அகராதியை எடுத்துப் பார்த்தேன். பகைமை கொண்ட, எதிர்ப்பான. எனக்குத் தெரியாததா? எத்தனையோ தடவை டைப் அடித்த வார்த்தை. போலீஸில் ஒன்று சொல்லிவிட்டுக் கூண்டில் ஏறி வேறு சொன்னால், அரசு வக்கீல் எழுந்து இந்தச் சாட்சியை ஹாஸ்டைலாகக் கருத அனுமதி வேண்டும் என்பார். அனுமதி கிடைக்கும். நான் அடிப்பேன்.

தமிழில் பிறழ்சாட்சி. தமிழ்ச் சொல்லில் கொஞ்சம் இரக்கம் இருக்கிறது. நான் அடித்த ஹாஸ்டைல்களில் யாருக்கும் யார்மேலும் பகை இருந்ததாக நினைவில்லை. பயம்தான் இருந்தது. ஒரு அம்மாள், மகனைக் குத்தியவனைத் தெரியவே தெரியாது என்று சொல்லிவிட்டு, இறங்கும்போது அவனைப் பார்த்தே கும்பிட்டாள். அதைப் பதிவு செய்ய இடமில்லை.

நினைவில்லை என்று சொன்னால் என் பெயருக்கு எதிரிலும் இதே வார்த்தை வரும். வாழ்நாளில் ஒருவரிடமும் குரல் உயர்த்தாதவன் நான். பால்காரன் தண்ணீர் கலந்தால்கூட அகிலாண்டம்தான் கேட்பாள்.

19 நவம்பர்

பஸ் நிறுத்தத்தில் காத்தானும் அவர் மனைவி அம்சவல்லியும். பேசாமல் தாண்டிவிடலாம் என்று குடையைச் சாய்த்துப் பிடித்தேன்.

“என்னா சாரே, கொடைக்குள்ள ஒளியிறீங்க? ஒங்களுக்கு மறதி வந்துட்டுன்னு ஊரே பேசிக்கிது. வைத்தியம் பாக்கறீங்களா, இல்ல கேஸ் முடிஞ்சதும் தானா சரியாயிடுமா?”

“சும்மா இரு புள்ள,” என்றார் காத்தான். அந்தக் கை நீட்ட வராமல் மடங்கியே இருக்கிறது.

குடையை நிமிர்த்திக்கொண்டு நடந்தேன்.

3 டிசம்பர்

கோர்ட்டுக்குப் போனோம். எல்லோரும் ஒரே பஸ்தான்: அடித்தவன், அடிபட்டவர், பார்த்தவன். ராஜ்குமார் எனக்கு இடம் பிடித்து வைத்திருந்தான். நீதிபதி லீவு. வாய்தா.

அரசு வக்கீல் கனிமொழி, சின்னப் பெண். என் பழைய உத்தியோகத்தை விசாரித்து வைத்திருக்கிறாள். “சார், நீங்க கோர்ட் ஆளு. நீங்களும் ஹாஸ்டைல் ஆயிட்டா நான் கோட்டைக் கழட்டி மாட்டிட்டு ஊருக்குப் போக வேண்டியதுதான்,” என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். டீக்கு ராஜ்குமார் காசு கொடுத்தான்.

8 ஜனவரி 2025

மறுபடி வாய்தா. இப்படியே நான் போய்ச் சேரும்வரை தள்ளிப் போனால் என்ன?

20 ஜனவரி

ஒரு வாக்கியம் தயார் செய்திருக்கிறேன்: ‘தகராறு நடந்தது தெரியும், யார் அடித்தார்கள் என்று பார்க்கவில்லை.’ சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். முழுப் பொய்யில்லை. ராஜ்குமாரை விடுதலை செய்ய இது போதும். எங்கும் ஓட்டை இல்லை. அதுதான் உறுத்துகிறது.

21 ஜனவரி

சொல்லிவிட்டேன்.

வரிசையாக எழுதப் பார்க்கிறேன். கூண்டில் ஏறினேன். நீதிபதி என் பதில்களை என் வாய்மொழியாகவே டைப்பிஸ்ட்டுக்குச் சொன்னார்: “எதிரியை எனக்குத் தெரியும். எதிரி எனக்கு மகன் முறை.” என்னைப் பற்றி இன்னொருவர் ‘நான்’ என்று சொல்லக் கேட்பது விசித்திரமாக இருந்தது. எத்தனை பேர் வாழ்க்கையை நான் அப்படி அடித்திருக்கிறேன்!

“யார் அடிச்சாங்க?” என்றாள் கனிமொழி.

அந்த வாக்கியம் நாக்கு நுனிவரை வந்தது. டைப்பிஸ்ட் பெண் கையை நிறுத்தி என் வாயைப் பார்த்தாள். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். சொல்லிவிடுய்யா, சொல்லிவிடு என்று நானும் எத்தனையோ பேரை அப்படிப் பார்த்துக் காத்திருக்கிறேன்.

“ராஜ்குமார்.”

நீதிபதி மறுபடி கேட்டார். மறுபடி சொன்னேன்.

பிறகு குறுக்கு விசாரணை. அவர்கள் வக்கீல் முகம்மது யூசுப், என் காலத்திலேயே ஜூனியராக இருந்தவர். மரியாதையாகத்தான் கேட்டார்.

“உங்களுக்கும் எதிரி குடும்பத்துக்கும் வரப்புத் தகராறு உண்டா?”

“இல்லைங்க.”

“கோயில் விஷயத்தில் மனஸ்தாபம்?”

“இல்லைங்க.”

“எதிரிமேல் உங்களுக்கு ஏதோ ஒரு கோபம். அதனால்தான் இப்படிச் சொல்றீங்க.”

“அய்யோ, இல்லைங்க. என் வயலைப் பாத்துக்கிறதே அவன்தான். என் சம்சாரத்துக்கு முடியாம போனப்ப ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனதும் அவன்தான். நல்ல பையன்ங்க.”

எதிரே நின்ற ராஜ்குமார், ஆமாம் என்பதுபோல் தலையாட்டினான். யூசுப் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

பஸ்ஸில் வரும்போதுதான் உறைத்தது. ஒவ்வொரு கேள்வியும் எனக்குத் திறந்து வைத்த கதவு. ஒன்றுக்காவது ஆமாம் என்றிருந்தால் என் சாட்சியம் பகையால் வந்தது என்று ஆகியிருக்கும், பையன் தப்பியிருப்பான். நான் அவனைப் புகழ்ந்து மாட்டிவிட்டேன். சிரஸ்தார் வேலை பார்த்தவனுக்கு இது தெரியவில்லையா? தெரிந்தேதான் சொன்னேனா?

22 ஜனவரி

அகிலாண்டம் சோறு மட்டும் போட்டாள்.

9 பிப்ரவரி

அறுவடை மிஷின் தங்கையன் வயலை அறுத்துவிட்டு நம் வரப்புவரை வந்து திரும்பிப் போயிற்று. வேறு ஊர் மிஷினுக்குச் சொல்லியிருக்கிறேன். கதிர் சாய்ந்து கொட்டுகிறது.

12 மார்ச்

தீர்ப்பு. ஒரு வருஷம் ஜெயில், அபராதம். அப்பீலுக்காகத் தண்டனையை நிறுத்தி வைத்து வெளியே விட்டிருக்கிறார்கள். சிங்கப்பூர் அவ்வளவுதான்.

மூன்றாம் சாட்சி எதிரியின் நெருங்கிய உறவினர், முன்விரோதம் எதுவும் இல்லை, ஆகவே நம்பத்தக்கவர் என்று நீதிபதி வாசித்தார். ஒரு மனிதனைப் பற்றி இதைவிட நல்லதாக எழுத முடியாது. எழுந்து வெளியே வந்தேன்.

படியில் தங்கையன். “நல்லா இருங்கண்ணே,” என்றான். அவ்வளவுதான்.

காத்தான் ஏதோ சொல்ல வந்தார். அம்சவல்லி அவரை இழுத்துக்கொண்டு, “வாங்க, பஸ்ஸு போயிடும். சார் முகத்தைப் பாத்தீங்கல்ல,” என்றாள். கேலி இல்லை அதில்.

2 ஏப்ரல்

“பெரியப்பா!”

சாயங்காலம், வாசலில் ராஜ்குமார். சாட்சி சொன்னதற்குப் பிறகு முதல் தடவை. கையில் அப்பீல் காகிதம், இங்கிலீஷில்.

“யூசுப் சார் கையெழுத்துப் போட்டுக் கொண்டாரச் சொன்னாரு. படிக்காம போட வேணாம்னு பாத்தேன். வேற யாருகிட்டப் போறது?” ஒரு வரியில் விரல் வைத்தான். “இந்த வார்த்தை என்னா? மூணாவது சாட்சின்னு போட்டு, பக்கத்துல இருக்கு.”

இனிமிக்கல். கோர்ட்டு பாஷை, ஒன்றுமில்லை என்று சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தேன்.

“நமக்குள்ள ஆகாதுன்னு அர்த்தம். பகையை மனசுல வச்சுக்கிட்டு நான் சாட்சி சொன்னேன்னு எழுதியிருக்காரு.”

அவன் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். “அப்புடி இல்லியே.”

“இல்லதான்.”

“அடிச்சிரச் சொல்லவா பெரியப்பா?”

“வேணாம்ப்பா. மேல்கோர்ட்ல ஒனக்கு இருக்கற பிடி அது ஒண்ணுதான். இருக்கட்டும்.”

பேனா கேட்டான். கொடுத்தேன். என் மேஜையிலேயே வைத்துக் கையெழுத்துப் போட்டான். அகிலாண்டம் காபி கொண்டுவந்தாள். நின்றபடியே பாதி குடித்தான், வர்றேன் பெரியம்மா என்றான், போய்விட்டான்.

“என்னவாம்?” என்றாள்.

“ஒரு வார்த்தைக்கு அர்த்தம் கேட்டான்.”

“சொன்னீங்களா?”

“சொன்னேன்.”