அப்பா திறந்து பார்த்த வாஷிங் மெஷின்

அன்புள்ள சின்னுவுக்கு, அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் நலம், படி ஏறும்போது என் முழங்கால் மட்டும் முனகுகிறது. அங்கே நீ வேளாவேளைக்குச் சாப்பிட்டு சௌக்கியமாக இருப்பாய் என்று நம்புகிறேன்.

உன் கடிதம் கிடைத்தது. வாஷிங் மெஷின் பழுது பார்க்கப் போன வீட்டில், "நீங்கதான் திறந்து கெடுத்திருக்கீங்க" என்று அந்த வீட்டுக்காரரிடம் அவர் மனைவி எதிரிலேயே சொல்லிவிட்டாய், அவர் உன் கம்பெனிக்குப் புகார் எழுதிவிட்டார், இனி இந்த வேலையே வேண்டாம் என்று எழுதியிருக்கிறாய். விடுவதற்கு முன் போன வாரம் நம் வீட்டில் நடந்த கூத்தைக் கேள். நம் மெஷின் தண்ணீரை வெளியே விடாமல் குளம் கட்டி நின்றது. மெக்கானிக்கைக் கூப்பிடலாம் என்றேன். உன் அப்பா, "பொண்ணு மெக்கானிக்கா இருக்கா, அப்பனுக்கு இதுகூடத் தெரியாதா" என்று கேட்டுவிட்டு ஸ்க்ரூடிரைவரோடு உட்கார்ந்துவிட்டார். மகளின் தொழிலுக்கு அப்பன் வாரிசாக வந்ததை அன்றுதான் பார்த்தேன். பிளக்கைப் பிடுங்கிய புண்ணியம் மட்டும் என்னுடையது. இரண்டு மணி நேரம் கழித்து மூடியை மாட்டியபோது நாலு ஸ்க்ரூ மிச்சம், கம்பெனிக்காரன் கூடுதலாகப் போட்டுவிட்டான் என்றார். அதன் பிறகு மெஷினில் விளக்குகூட எரியவில்லை. அவருடைய மூக்குக் கண்ணாடியையும் காணோம், இரண்டு நாள் பேப்பரைக் கை நீட்டி வைத்துப் படித்தார்.

மூன்றாம் நாள் நானே ஒரு மெக்கானிக்கை வரவழைத்தேன், நாற்பது வயதிருக்கும். வந்ததும் மெஷினைத் தொடவில்லை, எப்போதிலிருந்து இப்படி, என்ன சத்தம் கேட்டது என்று என்னிடம்தான் விசாரித்தார், துவைப்பவள் நான் என்று எப்படியோ தெரிந்திருக்கிறது. பிறகு குழாயை மூடி, தரையில் பழைய துணி விரித்தார், இதெல்லாம் நீயும் செய்வாய்தானே. "யாராவது திறந்தீங்களா சார்" என்று கேட்டதற்கு உன் அப்பா, "நான் அந்தப் பக்கமே போகலை" என்றார், சட்டைப் பையில் நாலு ஸ்க்ரூவும் கிலுகிலுக்க. பின்பக்கத்தைக் கழற்றினால் மோட்டாருக்குப் பக்கத்தில் மூக்குக் கண்ணாடி. நான் வாயைப் பொத்திக்கொண்டேன். அந்த மனிதர் அதைத் துடைத்து மேலே வைத்து, "மெஷின் செஞ்ச எடத்துல யாரோ மறந்து வச்சிட்டாங்க போல" என்றார். உன் அப்பா, "பொறுப்பில்லாத பசங்க" என்று சொல்லிக்கொண்டே அதை எடுத்து மாட்டிக்கொண்டார். மெக்கானிக் அதற்கும் சிரிக்கவில்லை, "நாலு ஸ்க்ரூ குறையுது சார், உங்ககிட்ட ஏதாவது இருக்குமா" என்று மட்டும் கேட்டார். அப்பா ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தார், எந்த வயரைப் பிடுங்கினேன் என்பதையும் கேட்காமலே ஒப்பித்துவிட்டார். பிறகு கால் மணி நேர வேலைதான், தண்ணீர் வெளியேறும் இடத்தில் ஒரு காலுறை அடைத்திருந்தது. ஒரு தடவை ஓடவிட்டு எனக்குக் காட்டி, தரையைத் துடைத்துவிட்டுப் போனார்.

நீ சொன்னது பொய் என்று சொல்லவில்லை சின்னு. அந்த ஆளும் மனைவி எதிரில் வீரம் காட்டப் போய் மாட்டிக்கொண்டவராகத்தான் இருப்பார். இனிமேல் கழற்றும் முன் போட்டோ எடுத்து வைத்துக்கொள், கம்பெனி கேட்டால் காட்டு, வீட்டுக்காரரிடம் மட்டும் கொஞ்சம் தழைந்து கேள், எல்லாம் தானாக வெளியே வரும். வேலையை விடாதே. நீ போகிற வீடெல்லாம் சிரித்த முகத்தோடு கதவு திறக்கட்டும், நோய் நொடி இல்லாமல் நன்றாக இரு.

மறக்காமல் நாளைக்கே அப்பாவுக்கு போன் செய். மிக்ஸி இரண்டு நாளாக ஒரு மாதிரி இரைகிறது, அவர் அதையே சுற்றிச் சுற்றி வருகிறார். நான் சொன்னால் கேட்க மாட்டார், மெக்கானிக் சொன்னால் கேட்பார்.

எப்போதும் உன் நினைவாக,
அம்மா