வாசனை போகக் குளிப்பது

ஜனவரி 8, புதன்

இன்று ஒருவன் இன்டர்வியூவுக்குப் போகிறேன், நன்றாக ஸ்ட்ராங்காக ஒன்று கொடுங்கள் என்றான். இரண்டு தெளிப்புக்கு மேல் வேண்டாம், எதிரில் இருப்பவருக்குக் கண்ணில் தண்ணீர் வந்தால் வேலை கிடைக்காது என்று சொல்லிப் பார்த்தேன். கேட்கவில்லை. டெஸ்டரை எடுத்துச் சட்டைக்கு மேலேயே ஏழெட்டு இடத்தில் அடித்துக்கொண்டான். ஓசி என்றால் காதுக்குள்ளும் அடித்துக்கொள்வார்கள்.

என் கட்சி என்றைக்கும் ஒன்றுதான். சென்ட் என்பது பக்கத்தில் வந்தவருக்கு மட்டும் தெரிய வேண்டும். நமக்கு முன்னால் அது அறைக்குள் நுழையக் கூடாது. குளித்த உடம்பில், துணி போடும் முன், கழுத்தில் ஒன்று, முழங்கை மடிப்பில் ஒன்று. முடிந்தது. மணிக்கட்டில் அடித்து வரட் வரட்டென்று தேய்ப்பவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இவ்வளவு சட்டம் பேசுகிற நான் போன கோடையிலிருந்து ஒரு சொட்டுகூடப் போடவில்லை. ஆனாலும் வீட்டுக் கதவைத் திறந்ததும் இவர் இருமினார்.

ஜனவரி 11, சனி

நெஞ்சு டாக்டரிடம் புதிதாக ஒரு நர்ஸ் சேர்ந்திருக்கிறாள். பழைய ஃபைல் கையில் இருக்கும்போதே கதையை முதலிலிருந்து சொல்லச் சொன்னாள். சொன்னேன். என் வீட்டுக்காரர் கார் பெயிண்ட் பட்டறையில் இருந்தவர். முகமூடி போட்டால் வேலை ஓடாது என்று வெறும் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டே காலம் தள்ளினார். அந்தப் பெயிண்ட் நெஞ்சைக் கெடுத்துவிட்டது. வேலையை விட்டாயிற்று. இப்போது எந்த வாசனை பட்டாலும் மூச்சு இழுக்கிறது.

"நீங்க என்ன வேல பாக்கறீங்க?" என்றாள். கடையில் என்றேன். என்ன கடை என்றாள். பெரிய கடை, நான்கு மாடி என்றேன். அதில் என்ன என்றாள்.

சென்ட் கவுண்டர் என்று சொல்ல இப்போதெல்லாம் எனக்கு வாய் கூசுகிறது.

ஜனவரி 12

இவர் சொல்வார்: ரெண்டு பேருமே ஸ்ப்ரே அடிச்சுப் பொழச்சவங்க, நான் காருக்கு, நீ ஆளுக்கு. முன்பெல்லாம் இதற்கு நான் சிரிப்பேன்.

ஜனவரி 23, வியாழன்

என் நித்திய கர்மம் இது. வேலை முடிந்ததும் கடைக் குளியலறையில் ஒரு குளியல். சீருடை பைக்குள், பை லாக்கருக்குள். வேறு துணி. வீட்டுக்கு வந்ததும் நேராகப் பின்பக்கம், இன்னொரு குளியல், மணம் இல்லாத சோப்பு. அந்தச் சோப்பைத் தேய்த்தால் பாத்திரம் கழுவுவது போலத்தான் இருக்கும். அதற்குப் பிறகுதான் இவர் அறை.

தோல் விட்டுவிடுகிறது. தலைமுடிதான் விடமாட்டேன் என்கிறது. அதனால் இன்று வெட்டிக்கொண்டு வந்துவிட்டேன், காதுக்கு மேலே வரை. வெட்டிய பெண் இரண்டு தடவை நிஜமாகவா என்று கேட்டாள்.

இவர் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு, "பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி இருக்கே மேடம்" என்றார். கவுண்டரில் என்னை முதலில் பார்த்த நாளிலிருந்து நான் இவருக்கு மேடம்தான். பெயிண்டில் கலக்கும் தின்னர் வாடையை மறைக்க ஏதாவது கொடுங்கள் என்று வந்து நின்றவர். தின்னர்மேல் எந்த சென்ட்டும் உட்காராது, போய்க் குளித்துவிட்டு வாருங்கள் என்று துரத்தினேன். மறுநாள் குளித்துவிட்டு வந்து நின்றார். அப்போது நான் போட்டிருந்ததை மோந்து, இது என்ன, இது மழைக்கு அப்புறம் வர்ற வாசனையாச்சே என்றார். பட்டறைக்காரருக்கு இவ்வளவு மூக்கா என்று வியந்தேன். அதே மூக்குதான் இன்று எமனாக வந்திருக்கிறது.

பையன் மாதிரி என்று சொல்லிச் சிரித்தார். சிரிப்பு இருமலாகி, இன்ஹேலரில் போய் முடிந்தது.

பிப்ரவரி 4, செவ்வாய்

நேற்று மோசம். எழுதக் கை வரவில்லை. உதடு நீலமாகிவிட்டது. ஆஸ்பத்திரியில் ஆக்ஸிஜன் வைத்துப் படுத்திருக்கிறார். அவருடைய அக்கா வந்திருக்கிறார். நல்ல மனுஷி, குரலை உயர்த்த மாட்டார். அவர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து மெல்ல மூச்சை இழுத்துப் பார்த்தது எனக்குத் தெரிந்தது. மோந்து பார்க்கிறார். பதினைந்து வருஷம் ஜனங்கள் மோந்து பார்ப்பதைப் பார்த்தே பிழைத்தவள் நான், எனக்குத் தெரியாதா.

டாக்டர் போகிற போக்கில் சிரித்துக்கொண்டே, "ஒண்ணு வேலைய மாத்துங்க, இல்ல வீட்ட மாத்துங்க" என்றார். வேடிக்கைதான். அவர் வேலையும் மாறப் போவதில்லை, அவர் வீடும் மாறப் போவதில்லை.

பிப்ரவரி 6

அக்கா தன் வீட்டுக்கு அழைத்துப் போகிறார். கொஞ்ச நாளைக்கு. ஊருக்கு வெளியே, மாடி அறை, நல்ல காற்று. நான் தலையாட்டினேன். வேறென்ன செய்ய.

பிப்ரவரி 19, புதன்

அக்கா போன் செய்தார். படி ஏறுகிறாராம். படுத்துத் தூங்குகிறாராம். இங்கே தலையணையை அடுக்கி உட்கார்ந்தபடி தூங்கிய மனிதர். ரெண்டு வேளையும் தட்டைக் காலி பண்ணுகிறாராம்.

எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது.

இல்ல. சந்தோஷமா இல்ல. நல்லா இருக்கட்டும்னுதானே இத்தனை குளிச்சேன், இத்தனை தேய்ச்சேன்? நான் இல்லாத இடத்துல போய் நல்லா இருக்காருன்னா அப்ப நான் யாரு அவருக்கு? நோயா?

மார்ச் 4, செவ்வாய்

வார லீவு. காலையில் இரண்டு தடவை குளித்துவிட்டு, வெயிலில் காயவைத்த துணியைப் போட்டுக்கொண்டு போனேன். வாசலில் எனக்கு நாற்காலி போட்டிருந்தார்கள். அவர் உள்ளே, கதவு திறந்திருந்தது. நன்றாகத்தான் பேசினார். கன்னம் கொஞ்சம் உப்பியிருக்கிறது. டீ குடித்து முடிப்பதற்குள் ஆரம்பித்துவிட்டது. அக்கா கதவைச் சாத்தினார். தம்ளரைக் கழுவி வைத்துவிட்டு வந்தேன்.

மார்ச் 5

மேனேஜரிடம் கேட்டேன். பாத்திரப் பிரிவுக்கு மாற்றுங்கள். எவர்சில்வருக்கு வாசனை கிடையாது. உங்களை மாதிரி விற்க ஆள் இல்லையே, பார்க்கலாம் என்றார். அவர் அகராதியில் பார்க்கலாம் என்றால் முடியாது.

மார்ச் 21, வெள்ளி

மேனேஜர் அறை வாசலில் மறுபடி நின்றேன். இந்த மாதத்தில் எத்தனையாவது தடவையோ. மாற்றவில்லை என்றால் நின்றுவிடுவேன் என்றேன். சொல்லும்போது அழுதுவிட்டேன், அதுதான் அவமானம். அவர் பதறிப்போய் டிஷ்யூ பெட்டியை நீட்டினார். அதிலும் ரோஜா வாசனை. எங்கே போவேன் நான்.

ஏப்ரல் 1, செவ்வாய்

இன்றிலிருந்து மூன்றாவது மாடி. குக்கர், வாணலி, கரண்டி. கமிஷன் போனது போகட்டும். இங்கே வருகிறவர்கள் பாத்திரத்தைத் தட்டித் தட்டிச் சத்தம் கேட்கிறார்கள். யாரும் எதையும் மோப்பதில்லை.

ஏப்ரல் 16, புதன்

வீட்டையும் கழுவியாயிற்று. திரைச்சீலை, மெத்தை உறை, அலமாரிக்குள் விரித்த காகிதம், எல்லாம். எனக்கென்று வைத்திருந்த பாட்டில்களை வாட்ச் கவுண்டர் பெண்ணிடம் கொடுத்துவிட்டேன். அந்த மழைக்குப் பிந்தைய வாசனையில் முக்கால் பாட்டில் மீதி இருந்தது. அவள் உடனே திறந்து மணிக்கட்டில் அடித்துத் தேய்த்தாள். நான் ஒன்றும் சொல்லவில்லை.

கடைசித் தெளிப்பு ஒன்று போட்டுப் பார்க்கலாமா என்று தோன்றியது உண்மை. போடவில்லை.

ஏப்ரல் 29, செவ்வாய்

இந்த வாரமும் அக்கா வீட்டுக்குப் போகவில்லை. முழுசாகச் சுத்தமான பிறகு போக வேண்டும், ஒரே தடவையாகப் போய் அவரைக் கூட்டிக்கொண்டு வர வேண்டும் என்று பிடிவாதமாக இருக்கிறேன். போனில் மட்டும் பேச்சு. என்ன மேடம், கரண்டி எல்லாம் எப்படிப் போகுது என்கிறார்.

மே 5, திங்கள்

வாட்ச் கவுண்டர் பெண்ணைச் சாப்பாட்டு அறைக்குக் கூப்பிட்டு, என் கழுத்தை மோந்து பார் என்றேன். முதலில் வெட்கப்பட்டாள். பிறகு கழுத்து, தலை, உள்ளங்கை எல்லாம் பார்த்தாள்.

"ஒண்ணுமே இல்லக்கா. பச்சத் தண்ணி மாதிரி இருக்கீங்க."

சந்தோஷத்தில் அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். நாளை போகிறேன். அவர் கட்டிலை ஜன்னல் பக்கம் நகர்த்திப் போட்டிருக்கிறேன். சாயங்காலம் வந்து இதே பக்கத்தில் எழுதுவேன், வந்துவிட்டார் என்று.

மே 6

இல்லை.

மே 7, புதன்

எழுதிவிடுகிறேன். எழுதாவிட்டால் நெஞ்சு வெடித்துவிடும்.

அக்கா வீட்டுத் தெருவில் ரோடு போடுகிறார்கள். தார் வாடைக்குப் பயந்து எல்லா ஜன்னலையும் இறுக்கிச் சாத்தியிருந்தார்கள். இடுக்கில் துணிகூடத் திணித்திருந்தார்கள். கேட்டைத் திறந்தேன். மாடி ஜன்னலுக்குப் பின்னால் இவர் உட்கார்ந்திருந்தார். தாடி எடுத்து, தலை வாரி, எனக்காகத்தான். என்னைப் பார்த்தார். கையைத் தூக்கினார். முகம் எல்லாம் சிரிப்பு.

தூக்கிய கை அப்படியே நெஞ்சுக்குப் போனது.

கண்ணாடி மூடியிருந்தது. நான் கீழே நின்றேன். என்மேல் ஒன்றும் இல்லை, ஒன்றுமே இல்லை. எப்படிப் போகும்? எதைக் கண்டு இருமினார்? குனிந்துவிட்டார். ஜன்னலில் அவர் முதுகு மட்டும் தெரிந்தது, அது குலுங்கிக்கொண்டிருந்தது. நான் ஒரு அடிகூட எடுத்து வைக்கவில்லை. நான் வரலங்க, நான் வரல, நீங்க மூச்சு விடுங்க. இதைச் சொல்லிக்கொண்டே நின்றேன், அவருக்குக் கேட்டிருக்காது.

அக்கா இறங்கி வந்தார். இந்தத் தடவை மறைக்காமல் என் தோளில் முகம் வைத்து மோந்து பார்த்தார். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்த பார்வையில் பழி இல்லை. பயம்தான் இருந்தது.

"உங்கிட்ட ஒண்ணுமில்லம்மா. ஆனா இப்ப நீ போயிடு. அவன் கண்ணுல படாம போயிடு."

மதில் ஓரமாக நடந்து வந்தேன்.

மே 9, வெள்ளி

டாக்டரிடம் தனியாகப் போனேன். இந்தத் தடவை அவர் சிரிக்கவில்லை. நோயெல்லாம் நிஜம்தான், நடிப்பு இல்லை என்றார். ஆனால் நான் வந்து நின்றால் மூச்சு முட்டும் என்று அந்த நெஞ்சு இத்தனை மாதமாகப் பாடம் படித்துவிட்டது. இப்போது அதற்கு வாசனை தேவையில்லை. என்னைப் பார்த்தாலே போதும்.

"அவருக்கு உங்கமேல வெறுப்புன்னு நெனைக்காதீங்க. மனசு வேற, நெஞ்சு வேற."

அந்தப் பாடத்தை மறக்கவைக்க முடியாதா என்று கேட்டேன். கொஞ்சம் கொஞ்சமாக முயற்சி பண்ணலாம், ஆனால் செவ்வாய்க்கிழமை மாதிரி இன்னொரு தடவை வந்தால் தாங்க மாட்டார் என்றார். அப்படியானால் எதை முயற்சி பண்ணுவது? அவர் உயிரை வைத்தா?

தலைமுடியை வெட்டலாம். வேலையை மாற்றலாம். முகத்தை எதைப் போட்டுக் கழுவ.

மே 10

மனசு வேற நெஞ்சு வேற. டாக்டருக்கு ஈசியா வருது.

மே 26, திங்கள்

எழுத ஒன்றும் இல்லை. குக்கர் ஆறு விற்றது.

ஜூன் 15, ஞாயிறு

போனில் இவர், நீ உன் கவுண்டருக்கே திரும்பிப் போயேன் என்றார். எதற்கு என்றேன்.

"கரண்டி விக்கிற மூஞ்சியா அது? போ மேடம். எனக்காக நிக்க வேண்டாம்."

அவர் நல்லதுக்குத்தான் சொல்கிறார் என்று முதலில் நினைத்தேன். தட்டு கழுவிக்கொண்டிருக்கும்போதுதான் உறைத்தது. எனக்காக நிற்க வேண்டாம் என்றால், இனிமேல் வரமாட்டேன் என்று அர்த்தம். வருவதாக இருந்தால் சொல்வாரா? ஒருவரை ஒருவர் நன்றாகத் தெரிந்திருப்பதில் இது ஒரு கஷ்டம். எதையும் முழுசாகச் சொல்லத் தேவையில்லாமல் போகிறது.

கோபம் வந்தது. அழுகை அப்புறம் வந்தது.

ஜூன் 24, செவ்வாய்

அக்கா ஒரு வண்டி அனுப்பினார். அவருடைய துணி, செருப்பு, ஷேவிங் சாமான், கட்டில். சட்டைகளை மடித்து நானே வைத்தேன். வந்தவன் அவற்றைப் பெரிய பிளாஸ்டிக் பைகளில் போட்டு வாயை இறுக்கிக் கட்டினான். அப்படித்தான் கொண்டுவரச் சொன்னார்களாம். அங்கே போய் இன்னொரு தடவை துவைத்துக்கொள்வார்கள்.

ஜூலை 3, வியாழன்

திங்கட்கிழமையிலிருந்து பழைய கவுண்டரில்தான் நிற்கிறேன். மேனேஜர் கேள்வி கேட்கவில்லை, புது லாக்கர் சாவியை மட்டும் நீட்டினார். நேற்று வந்த புதுச் சரக்கில் ஒரு பாட்டில் வாங்கி வந்தேன். இன்று குளித்த உடம்பில், வேலைக்குக் கிளம்பும் முன், கழுத்தில் ஒன்று, முழங்கை மடிப்பில் ஒன்று.

சாயங்காலம் வழக்கம்போல் போன் வந்தது. ரோடு போட்டு முடித்துவிட்டார்களாம், முனை வரை நடந்து போய் வந்தாராம், அங்கே ஒருத்தன் காருக்குக் கண்றாவியாகப் பெயிண்ட் அடித்து வைத்திருக்கிறானாம். நடுவில் நிற்காமல், மூச்சு வாங்காமல், ஒரே ஓட்டமாகப் பேசினார். நான் உம் கொட்டிக்கொண்டிருந்தேன். பேச்சு தீர்ந்த பிறகு கேட்டார்.

"இன்னைக்கு ஏதாவது போட்டிருக்கியா?"

போட்டிருக்கேன் என்றேன். எப்படி இருக்கும், சொல்லு என்றார். முதலில் எலுமிச்சைத் தோல், கொஞ்ச நேரம் கழித்து புதிதாக இழைத்த மரம், ராத்திரிக்குள் எல்லாம் போய் லேசாக ஒரு இனிப்பு மட்டும் நிற்கும் என்று வாடிக்கையாளரிடம் சொல்வது போலவே சொன்னேன்.

அந்தப் பக்கம் அவர் மூச்சை இழுப்பது கேட்டது. மெதுவாக, நெஞ்சு நிறைய இழுத்தார். விசில் சத்தம் இல்லை, இருமல் இல்லை. நன்றாக இருக்கிறது என்றார்.