என் குரலுக்கு வாசித்த எண்

பாப்பாவின் அம்மாவுக்கு,

பாப்பாவின் ஞானஸ்நானத்துக்கு வரக் கப்பலில் இடமில்லை என்று நான் சொன்னது பொய். ஆன்லைனில் எவனிடமோ கப்பல் டிக்கெட்டுக்குப் பணம் கட்டி ஏமாந்தேன்.

போலீஸில் இந்தியில் விளக்கக் கூச்சப்பட்டு, பணத்தை மீட்டுத் தருவதாக நெட்டில் கிடந்த நம்பருக்குப் போன் போட்டேன். எடுத்தவன் நம்ம தூத்துக்குடிப் பேச்சில், "பயப்படாதீய அண்ணாச்சி, நான் வாங்கித் தாரேன்" என்றான். போர்ட் பிளேரில் எந்த ஆபீஸிலும் என்னை யாரும் அண்ணாச்சி என்று கூப்பிட்டதில்லை. நம்பிவிட்டேன்.

பணத்தைத் திருப்பிப் போட என்று அவன் கேட்டதால் என்னிடமிருந்த உன் ஏடிஎம் கார்டு நம்பரைக் கொடுத்தேன். அவன் கேட்ட ஓடிபி உன் போனுக்கு வந்தது. பாப்பாவுக்குப் பால் கொடுத்துக்கொண்டே எனக்கு வாசித்தாய். எதற்கென்றுகூடக் கேட்கவில்லை. அதை அப்படியே அவனுக்குச் சொன்னேன். உன் கணக்கில் இப்போது ஒன்றுமில்லை.

என் குரல் என்பதால்தானே கொடுத்தாய்? அதனால்தான் இதைப் போனில் சொல்லாமல் எழுதுகிறேன்.

உன் வீட்டுக்காரன்