இடுப்புக்குள் இருக்கும் மூட்டினை முன்கூட்டியே ஒப்படைப்பது குறித்து

அனுப்புநர்:
கு. உத்தமன்,
முதுநிலை பிட்டர், டோக்கன் எண் 318,
பழுதுபார்ப்புப் பிரிவு,
மாநில நீரிறைப்பான் உற்பத்திக் கழகம், அம்பத்தூர்.
(வீடு: மேனாம்பேடு, சென்னை-53)

பெறுநர்:
உயர்திரு நிர்வாக இயக்குநர் அவர்கள்,
மாநில நீரிறைப்பான் உற்பத்திக் கழகம்,
அம்பத்தூர்.

பொருள்: என் மனைவி உ. லோகநாயகியின் இடுப்பு மறு அறுவை சிகிச்சை – எலும்பு கரைந்த இடத்தில் செயற்கை மூட்டினைத் தாங்கும் வளையத்திற்கு அனுமதி மறுத்தது – பழைய மூட்டினை முதலில் ஒப்படைக்கச் சொன்னது – புகார்.

பார்வை: மருத்துவ உதவிப் பிரிவின் 3-7-1995, 12-7-1995 நாளிட்ட கடிதங்கள்.

மதிப்பிற்குரிய ஐயா,

இருபத்தெட்டு ஆண்டுகளாக இக்கழகத்தில் பம்பு பிரித்துப் பம்பு பூட்டி வருகிறேன். இதுவரை யார்மீதும் புகார் எழுதியதில்லை. எழுத நேரம் இருந்ததில்லை. எழுதும்படியான அறிவாளிகளும் எதிர்ப்பட்டதில்லை. நமது மருத்துவ உதவிப் பிரிவு அந்தக் குறையைத் தீர்த்து வைத்துவிட்டது.

1. 1986-இல் மாடிப்படியில் தண்ணீர்க் குடத்தோடு வழுக்கி விழுந்து என் மனைவிக்கு இடுப்பில் எலும்பு முறிந்தது. அது கூடாமல் போகவே, செயற்கை மூட்டு வைத்தார்கள். அதை வாங்கிக் கொடுத்தது இந்தக் கழகம்தான். நன்றி மறக்கவில்லை. அந்த மூட்டினை வைத்துக்கொண்டு அவள் ஒன்பது வருடம் ரேஷன் கடைக்கு நடந்தாள், மகள் கல்யாணத்தில் பந்தி பரிமாறினாள், என்னைத் தெருமுனை வரை துரத்திக்கொண்டு வந்து சாப்பாட்டுத் தூக்கைக் கொடுத்தாள்.

2. கடந்த தை மாதம் வலி தொடங்கியது. அரசு மருத்துவமனையின் எலும்பு மருத்துவர் டாக்டர் ஆனந்தன் படம் எடுத்துப் பார்த்தார். மூட்டின் பிளாஸ்டிக் கிண்ணம் தேய்ந்து, அந்தத் தூள் சுற்றியிருந்த எலும்பையே கரைத்துவிட்டதாம். கிண்ணம் இடம்பெயர்ந்து மேலே ஏறிவிட்டது. வலது கால் ஒன்றரை அங்குலம் குட்டையாகிவிட்டது. புதுக் கிண்ணம் வைத்தாலும் அது உட்கார எலும்பு இல்லை. ஆகவே, மிச்சமிருக்கும் நல்ல எலும்பில் உலோகத் தாங்கு வளையம் ஒன்றைத் திருகாணி போட்டு நிறுத்தி, கரைந்த பள்ளத்தை எலும்புத் துண்டுகளால் நிரப்பி, அதன்மேல்தான் புதிய மூட்டினைப் பொருத்த முடியும் என்று எழுதிக் கொடுத்தார். ஆகஸ்ட் 16 அன்று அறுவைக்கு நாள் குறித்திருக்கிறார். இதற்கு மேல் தள்ளிப்போனால் திருகாணி பிடிக்கவும் எலும்பு இருக்காது, பிறகு தன்னாலும் ஒன்றும் செய்ய இயலாது என்று கூறினார். தேவை: மூட்டு ஒன்று, தாங்கு வளையம் ஒன்று, திருகாணி ஐந்து. இத்தகைய பொருள்களைக் கழகமே வாங்கி மருத்துவமனையில் சேர்ப்பது வழக்கம்.

3. மருத்துவ உதவிப் பிரிவின் கண்காணிப்பாளர் திரு. நாகேந்திரன் அவர்கள் இருபத்தொரு ஆண்டுகள் நமது ஸ்டோர்ஸில் பணியாற்றியவர். அவர் கண்ணில் படாமல் ஒரு வாஷர்கூட வெளியே போனதில்லை. கடந்த மார்ச்சில் பதவி உயர்வு பெற்று மருத்துவத்திற்கு வந்தார். மேசை மாறியது, மற்றபடி அவர் இன்னும் ஸ்டோர்ஸில்தான் இருக்கிறார்.

அவருடைய முதல் கடிதத்தில் மூட்டுக்கு அனுமதி உண்டு. வளையத்திற்கும் திருகாணிக்கும் இல்லை. காரணத்தை அவர் சொற்களிலேயே தருகிறேன்: "1986-இல் வழங்கப்பட்ட பொருளில் வளையம் இடம்பெறவில்லை. மாற்றுப் பாகம் பழைய பாகத்தை ஒத்திருத்தல் வேண்டும். திருகாணிகள் வெளியில் கிடைப்பவை, மனுதாரரே வாங்கிக்கொள்ளலாம்."

அதிகாரி சொல்லைத் தட்டக் கூடாதென்று வேலப்பன்சாவடியில் சுலைமான் பாயின் ஹார்டுவேர் கடைக்குப் போனேன். "இன்னா நைனா, கதவுக்கா, ஜன்னலுக்கா?" என்று கேட்டார். என் வீட்டுக்காரி இடுப்புக்கு என்றேன். பாய் என்னை உட்காரவைத்து டீ வாங்கிக் கொடுத்தார். திருகாணி கொடுக்கவில்லை.

4. தாங்கள் பொறியியல் படித்தவர், நான் ஐ.டி.ஐ. ஆனாலும் ஒரு விஷயம் இருவருக்கும் பொது. பம்பில் தண்டைத் தாங்கும் புஷ் தேய்ந்தால் புது புஷ் அடிக்கிறோம். புஷ் உட்காரும் துளையே தேய்ந்து அகன்றுவிட்டால், அதைக் கடைந்து, ஸ்லீவ் என்னும் உலோக உறை ஒன்றை இறக்கி, அதற்குள்தான் புஷ் அடிக்கிறோம். ஸ்லீவ் இல்லாமல் அடித்தால் பம்பு கேட்டைத் தாண்டுவதற்குள் ஆட்டம் கண்டுவிடும். 1979-இல் அவசரத்தில் நானே ஒருமுறை அப்படிச் செய்து மெமோ வாங்கினேன். "தாங்குமிடத்தைச் சரிசெய்யாமல் புதிய பாகத்தைப் பொருத்தியது பொறுப்பற்ற செயல்" என்று அதில் கழகம் எழுதியிருக்கிறது. அன்று எனக்கு வருத்தமாக இருந்தது. இன்று படித்தால் பெருமையாக இருக்கிறது. நகல் இணைத்துள்ளேன். பெயரை மட்டும் மாற்றித் திரு. நாகேந்திரன் அவர்களுக்கு அனுப்பினால் தட்டச்சு வேலை மிச்சம்.

5. நான் நேரில் போய் முறையிட்டதற்குப் பலன் கிடைத்தது. அனுமதித்த மூட்டுக்கும் வேட்டு வந்தது. இரண்டாம் கடிதத்தில் வளையம் "பரிசீலனையில்" உள்ளது; மூட்டோ, "பழைய பாகத்தை ஒப்படைத்து ரசீது பெற்ற பின்னரே" வழங்கப்படுமாம்.

இந்த விதி கழகத்தில் எல்லாருக்கும் தெரியும். தேய்ந்த அரத்தைக் கொடுத்தால் புது அரம், உடைந்த ட்ரில் பிட்டைக் கொடுத்தால் புது ட்ரில் பிட். நல்ல விதிதான். ஆனால், ஐயா, இந்தப் பழைய பாகம் என் பெட்டியில் இல்லை, என் மனைவிக்குள் இருக்கிறது. அதை எடுக்க வேண்டுமானால் அறுக்க வேண்டும். அறுத்த கையோடு புதியதை வைக்க வேண்டும். புதியது வேண்டுமானால் பழையதைக் கொடுக்க வேண்டும். இதை நான் மூன்று முறை விளக்கினேன். மூன்று முறையும் அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ரூல்னா எல்லாருக்கும் ரூல்தாம்பா" என்றார். பொறுமையில் அவரை மிஞ்ச ஆளில்லை.

6. பின்னர் அவராகவே ஒரு சலுகை தந்தார். பழுதான பாகத்தை நேரில் பார்வையிட்டு, "கழிவு" என்று எழுதிவிட்டால், ஒப்படைப்பதைத் தள்ளிவைக்கலாமாம். நம்பி, 14-ஆம் தேதி பக்கத்து வீட்டுத் துலுக்கானம் ஓட்டும் ஆட்டோவில் மனைவியை அழைத்து வந்தேன். கேட்டுக்குள் ஆட்டோ விடக் கூடாது என்பது இன்னொரு விதி. கேட்டிலிருந்து அவர் மேசை வரை நூற்றுப் பன்னிரண்டு அடி, எண்ணினேன். இரண்டு இடத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முகமெல்லாம் வியர்த்து, உதட்டைக் கடித்துக்கொண்டே வந்து சேர்ந்தாள். திரு. நாகேந்திரன் எழுந்து நாற்காலி போட்டார், தண்ணீர் கொடுத்தார். பிறகு உட்கார்ந்து கோப்பில் எழுதினார்: "பாகம் நேரில் பார்வையிடப்பட்டது. இயங்கும் நிலையில் உள்ளது. கழிவு செய்ய முகாந்திரமில்லை."

நடந்து வந்தது அவள் செய்த குற்றம். தூக்கிக்கொண்டு வந்திருந்தால், நோயாளி நேரில் வரவில்லை, கொண்டுவரப்பட்டார் என்று எழுதியிருப்பாரோ என்னவோ.

7. வீட்டு நிலவரம் கோப்பில் வராது என்பதால் இங்கே எழுதுகிறேன். அவள் அடுப்படி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக்காலில் நின்று சமைக்கிறாள். நான் செய்கிறேன் என்றால், போன வாரம் நான் வைத்த குழம்பை நினைவூட்டுகிறாள். இருமும்போது இடுப்பைப் பிடித்துக்கொள்கிறாள். எனக்குப் பயமாக இருக்கிறது, ஐயா. இந்த மனுவைக் கிண்டலாக எழுதியிருப்பதாகத் தங்களுக்குத் தோன்றினால், காரணம் அதுதான். வேறு விதமாக எழுத உட்கார்ந்தேன், எழுத முடியவில்லை.

14-ஆம் தேதி ஆட்டோவில் திரும்பும்போது அவளே எனக்கு ஒரு யோசனை சொன்னாள்: "இன்னாத்துக்கு அந்தாளாண்ட சண்ட போட்டுகினு கீற? நான் பூட்டேன்னா, எரிச்சதும் அந்த இரும்பு தனியா வந்துரும். சாம்பல்லேர்ந்து பொறுக்கிகினு போய்க் குடு. ரசீது குடுத்துருவாரு." துலுக்கானம் சிரித்துவிட்டார். அவளும் சிரித்தாள்.

ஆகவே தங்களிடம் நான் வேண்டுவது: வளையம், திருகாணி, மூட்டு மூன்றையும் ஒரே உத்தரவில் அனுமதித்து, ஆகஸ்ட் 10-க்குள் மருத்துவமனையில் சேர்ப்பிக்க வேண்டும். "இயங்கும் நிலையில் உள்ளது" என்ற குறிப்பை டாக்டரின் கடிதத்தைப் பார்த்துத் திருத்த வேண்டும். பழைய மூட்டின்மீது கழகத்திற்குள்ள உரிமையை நான் மறுக்கவில்லை. அறுவை முடிந்த மறுநாளே, கழுவித் துடைத்து, நானே கொண்டுவந்து ஒப்படைக்கிறேன். திரு. நாகேந்திரன் அவர்களுக்கு நம்பிக்கையில்லையென்றால், அறுவை அரங்கின் வாசலில் அவருக்கு நானே நாற்காலி போடுகிறேன். ரசீதுப் புத்தகத்தோடு வந்து உட்காரட்டும். எந்தப் பத்திரத்திலும் கையெழுத்திடத் தயாராக இருக்கிறேன்.

என் மனைவி சொன்ன வழியில் ஒப்படைக்க மட்டும் எனக்குச் சம்மதமில்லை.

இடம்: அம்பத்தூர்
நாள்: 19-7-1995

இப்படிக்கு,
தங்கள் உத்தரவை எதிர்பார்த்திருக்கும்,
கு. உத்தமன்

இணைப்பு:
1. டாக்டர் ஆனந்தனின் கடிதம், எக்ஸ்ரே படங்கள் இரண்டு
2. பார்வையில் கண்ட கடிதங்களின் நகல்கள்
3. 1979-ஆம் ஆண்டு மெமோவின் நகல்
4. பழைய மூட்டு: இணைக்கப்படவில்லை. என் மனைவியின் பயன்பாட்டில் உள்ளது.