பொன்னுருக்கு நாளில் வந்த அழைப்பு

மச்சான்,

உன் கைப்பட்டியை ஆஸ்பத்திரிக்காரர் திருப்பிக் கேட்கிறார்கள். இன்று காலை அதை அலுமாரியிலிருந்து எடுத்தேன். உன் வியர்வையும் நீ விடாமல் பூசிய தைலமும் கலந்த வாடை இன்னும் அதன் வாரில் இருக்கிறது. உன்னைக் கட்டிய என் தங்கச்சி கண்டால் அழத் தொடங்குவாள் என்று துணியில் சுற்றிச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டேன். எனக்கு அழுகை வரவில்லை. ஆத்திரம்தான் வருகிறது. உன்னோடு சண்டை பிடிக்க வேறு வழி தெரியாமல் எழுதுகிறேன்.

புற்றுநோய்க்கு மருந்து ஏற்றுகிற இடம் நமக்கு பஸ்ஸில் அரைநாள் தூரம். அதனால்தான் வீட்டில் இருந்தபடியே உன்னைக் கவனிக்க இதைக் கட்டிவிட்டார்கள். உன் உடம்புச் சூட்டையும் நாடித் துடிப்பையும் அளந்து உன் போன் வழியாக அங்கே அனுப்பும். டொக்டர் எவ்வளவு பொறுமையாகச் சொன்னார். மருந்து ஏற்றிய பிறகு உடம்பில் எதிர்ப்புச் சக்தி இருக்காது; காய்ச்சல் கண்டால் குளிசையைப் போட்டுக்கொண்டு படுக்கக் கூடாது, திருகோணமலை ஆஸ்பத்திரிக்காவது உடனே ஓட வேண்டும். நீ நல்ல பிள்ளை போலத் தலையாட்டினாய். வெளியே வந்ததும் உன் கதை மாறிவிட்டது.

"துறைமுகத்தில இவ்வளவு காலமும் கப்பலுகளைப் பாத்துக்கொண்டு இருந்தனான். இப்ப என்னைப் பாக்க ஒரு மிசினோ?"

முதல் அழைப்பு வந்தது நாம் சீட்டில் முன்னூற்றிநாலு விளையாடிக்கொண்டிருந்தபோது. நாடி எகிறிவிட்டதாம். கைப்பட்டி அனுப்புவதை ஆஸ்பத்திரியில் இருந்து பார்க்கிற தாதிப் பெண் பயந்துபோய், "ஐயா, நெஞ்சு படபடக்குதோ?" என்று கேட்டாள். நீ கடதாசிகளை நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு, "இல்லைப் பிள்ளை, நல்ல துரும்பு வந்திருக்கு. மச்சானைத் தோக்கடிக்கப் போறன், அந்தச் சந்தோசம்தான்" என்றாய். அவள் சிரித்துவிட்டாள். நானும் சிரித்தேன். அதற்குப் பிறகு ஒரு முறை மாடிப்படி ஏறியதால் என்றாய், இன்னொரு முறை வெயிலில் நின்றதால் என்றாய். இரண்டும் உண்மைதான். நீ சொல்வதை அவள் நம்பப் பழகிவிட்டாள்.

பிறகு வந்தது உன் மகனின் பொன்னுருக்கு நாள். உறவெல்லாம் வந்திருந்தது. சல்லியிலிருந்தும் நிலாவெளியிலிருந்தும் ஆட்கள் வந்து முற்றத்துப் பந்தலில் கதிரை போதவில்லை. பத்தர் நெருப்பை மூட்டி, தாலிக்கான பொன் நாணயத்தை உருக்க ஆயத்தமாக இருந்தார். நான் வெற்றிலைத் தட்டோடு வாசலில் நின்றேன். நீ வேலியோரமாகப் போய்ப் போனில் கதைத்துவிட்டு வந்தாய்.

"ஆர் மச்சான்?"

"மண்டபக்காரன். சாப்பாட்டுக் கணக்குக் கேக்கிறான்."

எவ்வளவு சுளுவாகச் சொன்னாய். உருக்கிய பொன் மகன் கைக்கு வந்ததும் எல்லோருக்கும் முன்னால் அவனைக் கட்டிப்பிடித்தாய். அப்படிப் பிடிக்கிற ஆளில்லையே என்று நான் யோசித்தேன். பின்னேரம் உனக்கு நடுக்கம் வந்தது. வாகனத்தில் ஏற்றும்போதே உனக்குப் பேச்சுக் குழறியது. ஆஸ்பத்திரியில் அவர்கள் ஊசி மேல் ஊசியாகப் போட்டார்கள். கிருமி இரத்தத்தில் ஏறிவிட்டது, பிந்திவிட்டீர்கள் என்றார்கள்.

செத்தவீடு முடிந்த பிறகுதான் அந்தத் தாதிப் பிள்ளை எனக்குப் போன் எடுத்தாள். "ஐயாவுக்குக் காய்ச்சல் காட்டுது, உடன வெளிக்கிடுங்கோ எண்டு சொன்னனான். பொன்னுருக்கிற நெருப்புக்குப் பக்கத்தில நிண்டனான் பிள்ளை, அந்தச் சூடு எண்டவர். சிரிச்சுக்கொண்டு சொன்னவர்."

நல்ல நேரம் பிசகக் கூடாது, வந்த சனம் முகம் சுளிக்கக் கூடாது, மாப்பிள்ளையின் தகப்பன் நல்ல காரியத்தின் நடுவில் ஆஸ்பத்திரிக்குப் போனால் அபசகுனம் என்று கதைப்பார்கள். உன் தலைக்குள் ஓடியது இதுதான். எனக்குத் தெரியாதா? இப்போது என்ன ஆனது? உன் ஆண்டுத் திவசம் முடியும்வரை கலியாணம் இல்லை. அந்தப் பொன் தாலியாகாமல் அப்படியே கிடக்கிறது. அந்தத் தாதியிலும் எனக்குக் கோபம்தான். காய்ச்சல் என்று மிசின் சொன்ன பிறகு நீ சொன்ன விளக்கத்தை ஏன் நம்பினாள்? நம்மூரில் படுக்கையில் கிடப்பவனிடம் கேட்டாலும் சுகம் என்றுதானே சொல்வான். வீட்டில் வேறு யாரிடமாவது சொல்லியிருந்தால் வெற்றிலைத் தட்டை எறிந்துவிட்டு உன்னைத் தூக்கிக்கொண்டு ஓடியிருப்பேன்.

இதை மகனுக்கு நான் சொல்லவில்லை. தன் கலியாணத்துக்காகத் தகப்பன் செத்தான் என்று அவன் காலமெல்லாம் நினைக்கக் கூடாது என்று பொத்திப் பொத்தி வைத்திருந்தேன். அவன் என்னடாவென்றால் மிசின் பழுது, பார்த்துக்கொண்டிருந்தவள் தூங்கிவிட்டாள் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தான். கைப்பட்டியைத் திருப்பிக் கொடுக்க நானும் வருகிறேன், அவளை அங்கேயே வைத்து நாலு கேள்வி கேட்கிறேன், அவளுடைய வேலை போகாமல் விடமாட்டேன் என்று இன்று பின்னேரம் குதித்தான். உன்னைக் காப்பாற்றப் பார்த்தவள் அவள் ஒருத்திதான். அவள் தலையில் இதைக் கட்ட எனக்கு மனம் வரவில்லை, மச்சான்.

சொல்லிவிட்டேன். அவனைக் குசினிக்குள் கூட்டிக்கொண்டு போய், கதவைச் சாத்திவிட்டு, நீ போனில் சொன்னதை அப்படியே சொன்னேன். அழுவான், என்னைத் திட்டுவான் என்று எதிர்பார்த்தேன். அவன் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

"மாமா, அப்பா என்னைக் கட்டிப்பிடிக்கேக்க உடம்பு அனலாச் சுட்டது. எனக்குத் தெரியும். நெருப்புக்குப் பக்கத்தில நிண்டவர்தானே எண்டு நானும் விட்டிட்டன்."

அவனுடைய அந்த முகத்தை இனி நான்தான் சுமந்து திரிய வேண்டும். நீ இருந்திருந்தால் இதற்கும் ஏதாவது புளுகி அவனைச் சிரிக்க வைத்திருப்பாய்.