ஆறாவது விக்கெட்டுக்குப் பிறகு

பென்ஷன் விஷயமாகக் கும்மிடிப்பூண்டியில் இறங்கினேன். தொழிற்பேட்டைப் பக்கமிருந்து காய்ந்த இரும்பின் வாசனை வந்தது. ஸ்டேஷன் எதிரே டீக்கடை டிவியில் இந்திய அணியின் பெயர்களை வாசித்தார்கள். கேட்டுக்கொண்டே, பழக்கம்போல் முதல் மூவரை மனசுக்குள் அவுட்டாக்கினேன். மீதிப் பேரைத் தாங்கிப் பேசத்தான் நீ இல்லை.

இங்கே கம்பி ஆலையில் நாம் ஒன்றாக வேலை பார்த்தபோது உனக்கு கிரேன், எனக்கு லேப், அதாவது சோதனைக்கூடம். அதனால் எனக்கு 'லேபு' என்றே பெயர் வைத்தாய். உருட்டி வந்த கம்பியில் ஒரு துண்டை வெட்டி, அறுகிறவரை இழுத்துப் பார்ப்பது என் வேலை. மேட்ச்சுக்கு முதல் நாள், பொன்னேரி திரும்பும் ரயிலில் பேட்டிங் வரிசையையும் அப்படித்தான் சோதிப்பேன். தொடக்க ஆட்டக்காரர் புதுப் பந்தில் போய்விட்டார் என்பேன். அடுத்தவன் நிப்பான் என்பாய். அவரும் சுழலில் மாட்டிக்கொண்டார் என்பேன்.

"இன்னா லேபு, ஒடச்சிப் பாத்துதான் நம்புவியா? அவன் இன்னா கம்பியா?"

பெட்டியே சிரிக்கும். நான் தலையைக் குனிந்துகொள்வேன். என் கணக்கு சரிதானா என்று எனக்கு எப்போதும் சந்தேகம். நீ எதிர்த்துப் பேசினால்தான் அது கொஞ்சம் அடங்கும்.

நுரையீரல் கெட்டு நீ ஆஸ்பத்திரியில் கிடந்தபோது ஒரு ஃபைனல் வந்தது. முந்தின நாள் மாலை உன்னைப் பார்க்க வந்தேன். மூக்குக் குழாயை விலக்கிக்கொண்டு கேட்டாய்.

"பேட்டிங் நல்லாகீதுன்னு ஒரு தபா சொல்லேன்."

சொல்லத்தான் நினைத்தேன். "ஆறாவது விக்கெட்டுக்கு அப்புறம் ஒண்ணும் இல்லப்பா" என்றுதான் வந்தது.

உன் மனைவி தலையில் அடித்துக்கொண்டார். "இன்னாண்ணா மன்ஷன் நீ! பொய்யாவாவது சொல்லக்கூடாதா?"

நீ சிரித்தாய். சிரிப்பு இருமலாகி, அடங்க நேரமாயிற்று. "உடு மே. லேபு நல்லாகீதுன்னு சொல்லிட்டா, அப்பறம் எனக்கு பயமா பூடும்."

மறுநாள் டாஸ் போடுமுன்பே நீ போய்விட்டாய். உன்னைத் தூக்கிப் போகையில் தெருவில் வீட்டுக்கு வீடு டிவி ஓடியது. ஆறாவது விக்கெட் விழுந்ததை யாரோ சொன்னார்கள். அதன்பின் நான் சொன்னபடியே ஆயிற்று. சரியாகச் சொன்னதற்காக என்னைத் திட்ட ஆளில்லை.

இன்று டீக்கடைக்காரர் கேட்டார். "இன்னா சார், இந்த தபா பேட்டிங் எப்டி?"

இந்த வரிசை அன்றையதைவிட மெலிது. வேகப்பந்து எகிறினால் நடுவில் நிற்க ஒருவரும் இல்லை.

"நல்லா இருக்குப்பா" என்றேன். உடனே நம்பிவிட்டார். மறுத்து ஒரு வார்த்தை பேசவில்லை.

திரும்பும் ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்ததும் மனசுக்குள் விக்கெட்டுகள் தாமாக விழத் தொடங்கின. நிறுத்த முயன்றேன், முடியவில்லை. கவரைப்பேட்டை தாண்டும்போது ஆறு போயிருந்தது. பொன்னேரி வருவதற்குள் ஆட்டம் முடிந்துவிட்டது.