மஞ்சள் ஆல்பத்தின் கடைசிப் பாட்டு

மச்சான்,

நேற்று ஞாயிற்றுக்கிழமை. மகள் சமையலறையில் வெங்காயம் உரித்துக்கொண்டே போனில் பாட்டுப் போட்டிருந்தாள். நான் கூடத்தில் பேப்பரை மடியில் வைத்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தேன். ஒரு குரல் வந்தது. அடிவயிற்றிலிருந்து எழும்பி, அவசரமே இல்லாமல், ஒரு சொல்லை வைத்துவிட்டு அடுத்த சொல்லைத் தூக்குகிற குரல். மெட்டு எங்கேயோ கேட்டது போலவே இருந்தது. ஆள் யாரென்றுதான் பிடிபடவில்லை.

"யாரும்மா பாடுறது? நல்ல கனமான குரலா இருக்கே" என்று கேட்டேன்.

"இன்னாப்பா இப்டி கேக்கறீங்க? உங்க பேண்டுதான். நீங்களும் பாய் அங்கிளும் அடிச்சிக்கினே இருப்பீங்களே, அந்த மஞ்சள் ஆல்பம். அதோட கடைசிப் பாட்டு."

"போன்ல எதோ கோளாறும்மா. மெதுவா ஓடுது பாரு" என்றேன். அவள் வெங்காயக் கண்ணோடு என்னை ஏற இறங்கப் பார்த்தாள். போனில் எப்படிப்பா மெதுவாக ஓடும் என்று கேட்டாள். மறுபடி ஒருமுறை முதலிலிருந்து போடச் சொன்னேன். அப்புறம் இன்னொரு முறை. மூன்றாவது முறை முடிந்தபோது உன்னைக் கூப்பிடுவதற்காகப் போனைக் கையில் எடுத்துவிட்டேன். உன் பேர் இன்னும் அதில் இருக்கிறது.

நீ போனது போன ஐப்பசியில். அதனால்தான் இந்த மடல்.

நம் சண்டை எதைப் பற்றி என்று வெளியாளுக்குச் சொன்னால் சிரிப்பான். எங்கேயோ இங்கிலாந்தில் ஒரு ராக் பேண்டு. எட்டு ஆல்பம் போட்டு ஊரைக் கலக்கினார்கள். பிறகு பாடகன் கோபித்துக்கொண்டு போனான், அவன் பின்னாலேயே கிட்டார்காரனும் போனான். மிச்சமிருந்தவர்கள் பேர் தெரியாத ஒருவனைப் பிடித்து வந்து பாட வைத்து, மஞ்சள் அட்டை போட்டு ஒன்பதாவது ஆல்பத்தை வெளியிட்டார்கள். அது விற்கவில்லை. அங்கேயே யாரும் சீந்தாத அந்த ஆல்பத்துக்காக மாமல்லபுரத்துச் சந்தில் உங்கள் மீன் மெஸ்ஸுக்குள் நாம் இரண்டு பேரும் வருஷக்கணக்காகத் தொண்டை கிழியக் கத்தினோம். மூன்றாவதாக ஒரு ஆள் உண்டு, சிற்பக் கூடத்துத் தனபால். அவருக்கு இங்கிலீஷ் ஒரு எழுத்து தெரியாது. உளிச் சத்தத்திலேயே நாள் போகிறவர், டிரம்மை மட்டும்தான் கேட்பார். "டிரம்முக்காரன் அதே ஆளுதானே கீறான்? அப்புறம் இன்னாத்துக்குப் பேஜாரு?" என்று சொல்லிவிட்டுச் சோற்றைப் பிசைவார்.

அந்தக் கேசட்டுகள் உன் கடைக்கு வந்தது, லாட்ஜில் மாதக்கணக்காகத் தங்கியிருந்த ஒரு வெள்ளைக்காரன் ஊருக்குப் போகும்போது உன் அண்ணனிடம் ஒரு பை நிறைய விட்டுவிட்டுப் போனதால். அண்ணன் பையைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. அவருக்கு அடுப்புதான் உலகம். ஊருக்குப் பெரிய பாயான அவர் வைக்கிற சங்கரா மீன் குழம்புக்காகக் கல்பாக்கத்திலிருந்து ஆட்கள் சைக்கிள் மிதித்து வந்த காலம். அங்கே அணுமின் நிலையத்தில் வேலை பார்த்த நானும் அப்படி வந்தவன்தான். பரிமாறிக்கொண்டிருந்த நீ ஏதோ ஒரு பாட்டைப் போட, நான் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுத் தலையைத் தூக்க, நம் சிநேகிதம் அங்கே பிடித்தது.

பிறகு அண்ணன் மஸ்கட் போனார். வாப்பாவுக்கு உடம்பு முடியவில்லை, கடையை மூட முடியாது. கரண்டியை உன் கையில் கொடுத்தார்கள். அந்த முதல் மாதத்தில் ஒரு நாள் நான் வந்து சாப்பிட்டேன். எப்படி இருக்கு என்று நீ கேட்டாய். "நல்லாத்தான் கீது. இருந்தாலும் உங்க அண்ணன் வெச்சா வேற" என்றேன். நான் மட்டுமா சொன்னேன், வந்தவர் போனவர் எல்லாரும் அதையேதான் சொன்னார்கள். நீ போய், அதுவரை நான் கேட்டிராத மஞ்சள் கேசட்டைப் போட்டாய். அன்றைக்கென்று மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது, பாட்டு காதில் விழவில்லை, எனக்கு ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது. கை கழுவிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

அடுத்த வாரம் புயல். நான் மறுநாள் ராஜஸ்தானுக்கு மாற்றலாகிப் போகவேண்டும். கரையோரம் பூராவும் கரண்ட் இல்லை. செங்கல்பட்டு ஸ்டேஷனில் பெட்டியோடு நின்றுகொண்டிருக்கிறேன், நீ சேறு அப்பிய கைலியோடு பிளாட்பாரத்தில் வருகிறாய். திருக்கழுக்குன்றம் ரோட்டில் விழுந்து கிடந்த மரங்களுக்கெல்லாம் இறங்கி இறங்கி வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்திருக்கிறாய். கையில் ஒரு கேசட்.

"கரண்ட் இல்ல மச்சான். ரெண்டு டேப்ரெக்கார்டரையும் பேட்டரி செல்லுல ஓட்டி மஞ்ச ஆல்பத்தப் புடிச்சிட்டேன். நல்ல செல்லு நாலுதான் கெடச்சிது, அத பாடுற டேப்புல போட்டேன். புடிக்கிற டேப்புல பழசு. எப்டியோ முழுசும் ஏறிடுச்சி. கேட்டுட்டு சொல்லு."

வண்டி நகர்ந்தபோதும் ஜன்னலோடு நடந்து வந்தாய். "கடைசிப் பாட்ட மட்டும் தனியா ஒக்காந்து கேளு" என்றாய்.

கேட்டேன். முதல் பக்கம் சுமார். பக்கம் திருப்பினால் அந்தப் புது ஆள் கொஞ்சம் கொஞ்சமாகக் கீச்சிட ஆரம்பித்தான். கடைசிப் பாட்டில் வாலை மிதித்த பூனைதான். அதையே உனக்கு எழுதினேன். கேசட்டை அங்கேயே யாரிடமோ தள்ளிவிட்டேன். திரும்பி வந்தபோது உன்னிடம் இருந்த ஒரிஜினலும் போய்விட்டது, கடன் வாங்கிய டூரிஸ்ட் ஒருவன் அதோடேயே ஊர் போய்ச் சேர்ந்தான். ஆக இரண்டு பேருக்கும் ஞாபகம்தான் சாட்சி. இரண்டு சாட்சியும் பிறழாத சாட்சி.

"அந்தப் பாட்டு நடக்குது மச்சான். பாரம் தூக்கினு நடக்கற மாதிரி நடக்குது" என்பாய்.

"நடக்குதா? நாய் தொரத்துன மாதிரி ஓடுதுடா."

"உனுக்குக் காது இல்ல."

"உனுக்கு மூளை இல்ல. பாடுனவன் போனப்புறம் இன்னா பேண்டு அது? பேரையாவது மாத்தியிருக்கணும்."

இந்த இடம் வந்தால் மட்டும் உன் குரல் இறங்கிவிடும். "போனவன் பெரிய ஆளு, ஒத்துக்கறேன். அவன் எடத்துல வந்து நின்னானே, அவன நெனச்சிப் பாத்தியா? வாயத் தொறக்கும்போதே எல்லாரும் பழசையே கேக்கறாங்கன்னு அவனுக்குத் தெரியும். தெரிஞ்சும் பாட்றான்."

நான் இதை பேண்டைப் பற்றிய பேச்சு என்றே நினைத்தேன். தனபால் ஒருமுறை என்னை முறைத்தார். அது எதற்கென்றும் நான் கேட்கவில்லை. தத்தி என்று என்னைச் சொல்லவேண்டும், வேறென்ன.

பிற்பாடு எல்லாப் பாட்டும் போனிலேயே வந்துவிட்டது. ஞாயிறு தவறாமல் வருவேன், நீ சாப்பாட்டு மேசையில் போனை என் பக்கம் தள்ளுவாய். "ஒரு வாட்டி கேளு." நான் இரண்டு கையையும் தூக்குவேன். எல்லாம் மனப்பாடம், மறுபடி எதற்கு அந்தக் கொடுமை என்பேன். போன வருஷம் செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் மூக்கில் குழாயோடு படுத்துக்கொண்டு அதையே கேட்டாய். "எனக்காகக் கேளு மச்சான்." சாவைப் பற்றி நீ பேச ஆரம்பித்துவிடுவாயோ என்று எனக்குப் பயம். அதனால் வீம்பாக, "நீ எழுந்து வா. அடுத்த ஞாயிறு உன் கடையிலயே ஒக்காந்து கேட்டு, அப்பவும் மட்டம்னுதான் சொல்வேன்" என்றேன். நீ சிரித்தாய். அந்த ஞாயிற்றுக்கிழமை பள்ளிவாசல் மையவாடியில் எல்லாரோடும் வரிசையில் நின்று உன்மேல் மூன்று பிடி மண் போட்டேன்.

நேற்று மத்தியானம் உட்கார்ந்து யோசித்தேன், பிளாட்பாரத்தில் நீ சொன்னது ஒவ்வொன்றாக வந்தது. நல்ல செல் பாடுகிற டேப்பில், பழைய செல் பிடிக்கிற டேப்பில். பழைய செல் இறங்க இறங்கப் பிடிக்கிற டேப்பில் நாடா மெதுவாகத்தான் ஓடியிருக்கும். அப்படிப் பிடித்ததைச் சரியான வேகத்தில் போட்டால் பாட்டு வேகமாக ஓடும், குரல் கீச்சிடும். நேரம் போகப் போக அதிகமாகும், கடைசிப் பாட்டில் உச்சம். அவ்வளவுதான் விஷயம். ஒரு சின்னப் பிள்ளைக்குச் சொன்னால் புரிந்துவிடும். அணுமின் நிலையத்தில் என் உத்தியோகம் என்ன? மீட்டர்கள் சரியாகக் காட்டுகின்றனவா என்று சோதிப்பது. ஒரு கருவி காட்டுவதை அப்படியே நம்பாதே, இன்னொன்றோடு ஒத்துப்பார் என்று புதிதாக வந்தவர்களுக்கெல்லாம் பாடம் எடுத்துத்தான் ரிட்டையர் ஆனேன்.

இதை உன்னிடம் சொல்லியிருந்தால் எப்படிச் சிரித்திருப்பாய். கல்லாவில் தட்டித் தட்டிச் சிரித்திருப்பாய். ஊர் பூராவும் சொல்லி என் மானத்தை வாங்கியிருப்பாய். அது எனக்குக் கிடைக்காமல் போய்விட்டது.

மகள் இன்னொன்று காட்டினாள். அந்த ஆல்பத்தைப் பற்றி இணையத்தில் இன்றைக்கும் அடித்துக்கொள்கிறார்கள். பாதிப் பேர் என் கட்சி, பழைய பாடகன் இல்லாமல் அது பேண்டே இல்லை என்கிறார்கள். பிரேசிலில் இருந்து ஒருத்தர் ஏறக்குறைய உன் வாயால் எழுதியிருந்தார், அடுத்தவன் இடத்தில் நின்று பாடுவது லேசா என்று. உன் கட்சிக்கு இப்போது ஆள் சேர்ந்திருக்கிறது. நானும் சேர்ந்துவிட்டேன், எந்தப் புண்ணியமும் இல்லாமல்.

சாயங்காலம் தனபாலுக்குப் போன் போட்டுச் செல் விஷயத்தைச் சொன்னேன். முழுசாகக் கேட்டுக்கொண்டார். அப்புறம், "பாட்ட வுடு. குழம்ப பத்தியாச்சும் ஒரு நாளு நல்ல வார்த்த சொல்லியிருக்கலாம் நீ. ஒவ்வொரு ஞாயிறும் நீ வர்றேன்னு பாய் உனுக்குத் தனியா வைப்பாரு. நீ போனப்புறம், இன்னா சொன்னான்னு என்னக் கேப்பாரு" என்றார்.

நீ என்னைக் கேட்கவில்லை. அந்த முதல் மாதம் ஒருமுறை கேட்டதோடு சரி. அதற்கப்புறம் போனைத்தான் தள்ளினாய்.

மச்சான், கண்ணை மூடி உன் அண்ணன் வைத்த குழம்பை நினைத்துப் பார்க்கிறேன். ருசி வரவில்லை. புளி தூக்கலா, மிளகு உண்டா, ஒன்றும் ஞாபகமில்லை. என் நாக்கில் இருப்பதெல்லாம் நீ வைத்ததுதான்.